வலப்பக்கம் வாய்க்கால்

என்ர மச்சாளுக்குப் பக்கத்தில நானும் ஓடினனான் எண்டு சொன்னா ஆரும் நம்பமாட்டினம். என்ர உடம்பு அப்பிடி. ஆனா அது உண்மை. அவள் என்ர மாமியின்ர மகள், அப்பாவின்ர தங்கச்சி பெத்த ஒரே பிள்ளை. முரசுமோட்டையில எங்கட வீட்டுக்கும் அவையின்ர வீட்டுக்கும் நடுவில ஒரு வேலி, அந்த வேலியில ஒரு பொட்டு. நாய், கோழி, நான், எல்லாரும் அந்தப் பொட்டுக்குள்ளால குனிஞ்சு போய்வருவம். அவள் குனியமாட்டாள். வேலிக்கு மேலால ஒரு எட்டு வைச்சு எங்கட முத்தத்தில வந்து நிண்டுகொண்டு, ஒண்டும் நடக்காத மாதிரி, "மச்சாள், சீனி கிடக்கோ?" எண்டு கேப்பாள்.

வேலி பாயிறவள் எண்டு ஊரில பேர் வைச்சிட்டினம். எங்கட பக்கத்தில ஒரு பெட்டைப் பிள்ளையை அப்பிடிச் சொன்னா அதுக்குள்ள ஒரு குத்தல் இருக்கும். மாமிக்கு அதைக் கேட்டால் முகம் கறுத்துப்போகும். மாமா இல்லாத வீடு. வயலையும் தனியச் செய்து, மாட்டையும் பார்த்து, பிள்ளையையும் வளர்த்த மனிசி. ஆர் என்ன சொன்னாலும் வாய் திறக்கமாட்டா, நிலத்தைப் பார்த்துக்கொண்டு போயிடுவா. எனக்கு அந்தப் பொறுமை கிடையாது. "உங்கட பிள்ளையள் பொட்டுக்குள்ளால பூருதுகள், இவள் மேலால வாறாள், எது மரியாதை?" எண்டு திருப்பிக் கேப்பன். கேட்டு வீட்டில பேச்சும் வாங்கியிருக்கிறன்.

பள்ளிக்கூடத்தில விளையாட்டுக்குப் பொறுப்பா இருந்த சேர் அவளின்ர காலைப் பார்த்திட்டுத்தான் சட்டவேலி ஓட்டத்தில சேர்த்துவிட்டவர். நூறு மீற்றர், பத்துச் சட்டவேலி. நான் முதல்ல நினைச்சது, ஓடிப்போய் நிண்டு, பாய்ஞ்சு, திருப்பி ஓடுறதாக்கும் எண்டு. அவளிட்டச் சொன்னன். விழுந்து விழுந்து சிரிச்சாள்.

"பாயிறதில்லை மச்சாள். ஓடுறதுதான். நடுவில வேலி வருது, அவ்வளவுதான்."

அது உண்மைதான் எண்டு பார்த்துப் பார்த்துத்தான் எனக்கு விளங்கினது. நல்லா ஓடுறவளின்ர தலை ஏறி இறங்காது. கால் மடியுது, விரியுது, கீழ வருது, தலை மட்டும் தண்ணிக்குடம் சுமக்கிறவளின்ர தலை மாதிரி ஒரே மட்டத்தில போகுது. ஒரு வேலிக்கும் அடுத்த வேலிக்கும் நடுவில மூண்டே மூண்டு எட்டு. ஒண்டு கூடினாலும் பிழை, குறைஞ்சாலும் பிழை. காலில பட்டு வேலி விழுந்தால் குற்றமில்லை, நிண்டால்தான் குற்றம். ஒவ்வொரு வேலியிலயும் அவள் துணிஞ்சு முன்னுக்கு விழுற மாதிரிச் சாய்வாள், ஆனா விழமாட்டாள். எனக்கு அதைப் பார்க்கேக்க ஒரு பயமும், சொன்னா வெக்கம், ஒரு பெருமையும் வரும்.

பழகிறதுக்கு இடம் வேணுமே. பள்ளிக்கூடத்தில இருந்த சட்டவேலி கொஞ்சம், அதிலயும் பாதிக்குக் கால் இல்லை. இரணைமடுத் தண்ணி வாற வாய்க்கால் ஒண்டு எங்கட வயல் ஓரமாப் போகுது. அதின்ர கரையில உழவு மெசின் போற அளவுக்கு ஒரு பாதை. காலபோகம் வெட்டி முடிஞ்சால் அந்தப் பாதையில ஆள் நடமாட்டம் குறைவு. அதுதான் அவளின்ர மைதானம். பூவரசங் கதியால், வேலிக்கு நடுற தடியள், ரெண்டு ரெண்டா நட்டு, மேல குறுக்கால பிளாஸ்ரிக் பைப் வைச்சு, கால் பட்டால் பைப் விழுற மாதிரி நாங்களே செய்தம். மாமி வயலுக்குப் போற வழியில பாவம் எண்டு அந்தக் கதியாலுகளுக்கும் தண்ணி ஊத்திவிட்டவா. ரெண்டு மூண்டு துளிர்த்தும் போச்சு. துளிர்விட்ட சட்டவேலி உலகத்தில வேற எங்கயும் இருந்திராது எண்டு நான் இண்டைக்கும் பகிடி பண்ணுவன்.

என்ர வேலை விழுந்த பைப்பை எடுத்துத் திருப்பி வைக்கிறது. நல்ல வேலைதானே, களைப்பில்லை எண்டு சந்தோசமா இருந்தன். அது பொறுக்கேல்லை அவளுக்கு. தனிய ஓடினால் வேகம் வராதாம், பக்கத்தில ஒரு ஆள் ஓடோணுமாம். ஊரில வேற ஒரு பெட்டையும் வரேல்லை. வந்தாலும் தாய்மார் விடேல்லை. கடைசியா என்ர தலையில வந்து விழுந்தது. பாதையின்ர இடப்பக்கம் கொஞ்சம் வெறும் நிலம் கிடந்தது. அதில நான் வேலி ஒண்டுமில்லாமல் ஓடுவன், அவள் வேலியளுக்கு மேலால ஓடுவாள். ரெண்டாவது வேலி வரைக்கும்தான் நான் பக்கத்தில நிப்பன். பிறகு இடுப்பில கையை வைச்சுக்கொண்டு நடந்து போவன், வழியில பைப்பை நிமிர்த்திக்கொண்டு.

வலப்பக்கம் வாய்க்கால். எங்கட பிழை அங்கதான் தொடங்கினது. அது பிழை எண்டு எங்களுக்கு ஆரும் சொல்லேல்லை, எங்களுக்கும் தெரியேல்லை.

அவள் வேலிக்கு மேலால முதல்ல போடுறது இடக்கால். இடக்கால் போகேக்க வலக்கை முன்னால நீளும், பிறகு அந்தக் கை பின்னால வரோணும். பக்கத்தில ஆக்களோட ஓடிப் பழகின பிள்ளையள் அதை உடம்போட ஒட்டி இழுப்பினம். இவள் வெளியால ஒரு வீச்சு வீசுவாள், வாய்க்கால் தண்ணிக்கு மேலால. வாய்க்கால் என்ன, ஏனடி எனக்கு அடிக்கிறாய் எண்டு கேக்கப்போகுதோ? நான் ஒருநாள் வலப்பக்கம் ஓடியிருந்தால் என்ர மூஞ்சையில ஒண்டு விழுந்திருக்கும், அண்டைக்கே நான் குடுக்கிற ஏச்சில திருந்தியிருப்பாள். ஆனா வலப்பக்கம் ஓடுறதெண்டால் நான் தண்ணிக்குள்ள இறங்கித்தான் ஓடியிருக்கோணும்.

பிறகு அவள் மாகாணம், அகில இலங்கை எண்டு மேல மேல போனாள். அங்க பயிற்சி குடுத்த மிஸ்ஸுக்கு அந்தக் கை முதல் நாளே கண்ணில பட்டுப்போச்சு. சிங்களம் பாதி தமிழ் பாதியா, "கை, கை, கையை உள்ளுக்கு எடு" எண்டு கத்திக் கத்தி மனிசிக்குத் தொண்டை கட்டினது. திருத்தினவள்தான். நானும் போய்ப் பார்த்தனான், வடிவா உடம்போட வந்தது. ஆனா ஒரு கெட்ட பழக்கம் எங்க போகும்? களைச்சால், இல்லாட்டி ஆவேசம் வந்தால், அந்தக் கை பழையபடி வாய்க்காலைத் தேடும்.

அந்த வருசம் பக்கத்து நாடுகள் எல்லாம் சேர்ந்து ஓடுற போட்டி கொழும்பில வைச்சினம். எங்கட நாட்டுச் சார்பில சட்டவேலிக்கு இவளையும் எடுத்தினம். சேதி வந்த அண்டைக்கு ஊரில அரைவாசிச் சனம் வாழ்த்திச்சுது, மிச்ச அரைவாசி, "கொழும்பு வரைக்கும் போய்ப் பாயப்போறாளாம்" எண்டு சிரிச்சுது. அவளுக்கு மெடல் கனவொண்டும் இருக்கேல்லை. கடைசி ஓட்டத்தில, எட்டுப் பேர் நிக்கிற அந்தக் கோட்டில, தனக்கொரு லேன் வேணும். அவ்வளவுதான் கேட்டது. எங்கட பக்கத்தில இருந்து ஒருத்தி அப்பிடியொரு இடத்தில நிண்டதா நான் கேள்விப்படேல்லை. அதோட அவளின்ர கணுக்கால் ரெண்டு தரம் பிரண்டு, டொக்டர் இந்த வருசத்தோட ஓடினது காணும் பிள்ளை எண்டு முகத்துக்கு நேர சொல்லிப்போட்டார். இது போனால் இன்னொண்டு இல்லை. அது அவளுக்கும் தெரியும், மாமிக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

நானும் மாமியும் கிளிநொச்சியில ரயில் ஏறினம். மாமி ஒரு பை நிறைய வடையும் கட்டுச்சோறும், அதுக்கு மேல ரெண்டு பெரிய போத்தல் தண்ணியும் எண்டு வந்தவா, ஏதோ கொழும்பில சாப்பாடே இல்லாத மாதிரி. வழி நெடுக ஒரே கேள்வி. வேலி எவ்வளவு உயரம், விழுந்தால் முகம் அடிபடுமோ, மற்றப் பிள்ளையள் உயரமோ. அவா ஒரு நாளும் மகள் பெரிய இடத்தில ஓடிப் பார்த்ததில்லை. பார்த்தால் நெஞ்சு நிண்டுபோகும் எண்டு சொல்லிச் சொல்லித் தள்ளிக்கொண்டு வந்தவா. இந்த முறை நான் இழுத்துக்கொண்டு வந்தனான்.

மத்தியானம் தாண்டி முதல் சுற்று. ரெண்டு பிரிவா ஓடி, அதில முன்னுக்கு வாறவை பின்னேரம் கடைசி ஓட்டம். நாங்கள் கலரியில நடுவில, ஏழாவது வேலிக்கு நேரா இருந்தம். இவளுக்கு நாலாம் லேன். ஐஞ்சாம் லேனில, இவளுக்கு வலப்பக்கத்தில, வேற நாட்டுப் பிள்ளை ஒண்டு. மெல்லிசு, குட்டைப் பின்னல், கோட்டுக்குப் போகமுன்னம் குனிஞ்சு நிலத்தைத் தொட்டுக் கும்பிட்டது. எனக்கு அந்தப் பிள்ளையைப் பிடிச்சுப்போச்சு. பிடிச்சதால கரைச்சல்தான்.

வெடிச்சுது. எட்டுப் பேரும் ஒண்டா எழும்பிச்சினம். மாமி கண்ணை மூடிக்கொண்டா. நான் மூடேல்லை. முதல் வேலி, ரெண்டாவது, மூண்டாவது, என்ர பெட்டையும் முன்னுக்கு நிக்கிறாள். அவளின்ர வாழ்க்கையில அப்பிடி ஓடி நான் கண்டதில்லை. தலை ஆடேல்லை, தோள் ஆடேல்லை, மூண்டு எட்டும் தையல் மெசின் தைக்கிற மாதிரி. ஐஞ்சாம் லேன் பிள்ளையும் விடேல்லை, பக்கத்தோட பக்கமா வந்தது. ஆறாவதில ரெண்டு பேரும் ஒண்டாத்தான் ஏறிச்சினம். அப்பத்தான் எனக்குத் தெரிஞ்சுது, இவளுக்கு ஆவேசம் வந்திட்டுது எண்டு.

ஏழாவதில கை போச்சு.

நான் கண்டனான். வலக்கை வெளியால வீசினது, அந்தப் பிள்ளையின்ர இடக்கையில பட்டது. பெரிய அடியில்லை, ஒரு தட்டு. ஆனா அந்த வேகத்தில ஒரு தட்டுக் காணும். அந்தப் பிள்ளைக்கு எட்டுக் குழம்பி, எட்டாவது வேலியில முன்கால் நேராப் போய் அடிச்சு, வேலியோட சேர்ந்து விழுந்தது. இவள் ஓடி முடிச்சாள். ரெண்டாவது. கடைசி ஓட்டத்துக்குத் தெரிவு.

மாமி கண்ணைத் திறந்து, "விழுந்தவளோ?" எண்டா.

"உங்கட மகள் இல்லை மாமி. உங்கட மகள் ரெண்டாவது."

மாமி கையெடுத்துக் கும்பிட்டா. சனம் கைதட்டிச்சுது. எங்களுக்கு முன்னால இருந்த ஆக்கள், பாவம், அந்தப் பிள்ளை தானாத் தடக்குப்பட்டு விழுந்திட்டுது எண்டு கதைச்சினம். நானும் ஓம் ஓம் எண்டு தலையாட்டினன். ஆனைக்கும் அடி சறுக்கும் எண்டு ஒரு பழமொழியும் எடுத்து விட்டன். ரெண்டு பேர் தாங்கிப் பிடிச்சு அந்தப் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போச்சினம். அந்தப் பிள்ளையோட வந்த அதிகாரி மைதானத்தின்ர மற்றத் தொங்கலில, நீளம் பாயிற இடத்தில நிண்டவராம். இஞ்ச அதுக்காகக் கதைக்க ஒரு ஆள் இல்லை. முறைப்பாடு ஒண்டும் வரேல்லை. பெரிய திரையில என்ர மச்சாளின்ர நம்பர் ரெண்டாவது இடத்தில நிண்டது.

மாமியை இருத்திப்போட்டு நான் கீழ இறங்கிப் போனன். உடம்பு சூடாக்கிற இடத்துக்கும் எங்களுக்கும் நடுவில கம்பி வலை. அவள் அதோட சாய்ஞ்சு தனிய இருந்தாள். வலக்கையை மடியில வைச்சு, ஏதோ ஆற்றையோ கையைப் பார்க்கிற மாதிரிப் பார்த்துக்கொண்டு.

"என்னடி, நோகுதோ?" எண்டு கேட்டன்.

"எனக்கு ஒண்டுமில்லை." தலையை நிமிர்த்தி, "நீ கண்டனியோ?"

"என்னத்தை?"

"மச்சாள், நடிக்காத."

"கண்டனான். அதுக்கு இப்ப என்ன? ஆரும் காணேல்லை. எல்லாரும் முன்னுக்கு ஓடினவளைத்தான் பார்த்தவை. வாயை மூடிக்கொண்டு இரு, பின்னேரம் ஓடு, பிறகு வீட்டை போவம்."

"நீ கண்டனிதானே."

"நான் கண்டால் என்ன, நான் என்ன நடுவரோ?"

"நீ கண்டிருக்கிறாய். எனக்குத் தெரியும். விழுந்தவளுக்கும் தெரிஞ்சிருக்கும். மூண்டு பேர் கண்டதை ஆரும் காணேல்லை எண்டு சொல்லுறாய்."

எனக்குப் பத்திக்கொண்டு வந்தது. எடி விசரி, ஓட்டத்தில கை படுறது வழமை எண்டன். விழுந்தவளே எழும்பி ஒண்டும் சொல்லேல்லை எண்டன். உன்ர கணுக்காலைப் பார் எண்டன். கொம்மா மேல இருந்து கும்பிட்டுக்கொண்டு இருக்கிறா எண்டன். என்ர வாயில வந்த எல்லாத்தையும் சொன்னன், ஒண்டையும் மிச்சம் விடேல்லை. அதில ஒரு சொல்லையும் நான் இண்டைக்கும் திருப்பி எடுக்கமாட்டன். எத்தினை விடியக்காலை அந்த வாய்க்கால் கரையில மூச்சு வாங்கி ஓடினனான் நான். எனக்கும் அந்த லேனில ஒரு பங்கு இருக்குத்தானே.

அவள் எல்லாத்தையும் கேட்டாள். கோவிக்கேல்லை. "அவளுக்காகக் கதைக்க இஞ்ச ஆளில்லை, மச்சாள்" எண்டாள்.

"உனக்கு நான் இருக்கிறன். நான் சொல்லுறன், வேண்டாம்."

சிரிச்சுப்போட்டு எழும்பினாள். எழும்பிக் கால்சட்டையில ஒட்டின புல்லைத் தட்டிவிட்டு, நடுவர்மார் இருந்த மேசைப் பக்கம் நடந்தாள். நான் வலையைப் பிடிச்சுக்கொண்டு பார்த்துக்கொண்டு நிண்டன். மிஸ் ஓடிவந்து மறிச்சவா. மிஸ்ஸுக்கு ஏதோ சொன்னாள். மிஸ் தலையில கையை வைச்சவா, பிறகு கையை எடுத்து அவளின்ர தோளில வைச்சுக்கொண்டு, அவளோட சேர்ந்து மேசைக்குப் போனா. அங்க நிண்டு தன்ர வலக்கையை நீட்டி, வீசி, எங்க பட்டது எண்டு செய்து காட்டினாள். நடுவர்மார் ஆளையாள் பார்த்தினம். அவை உப்பிடியொண்டைக் கண்டிருக்கமாட்டினம் எண்டு நினைக்கிறன்.

படப்பதிவைத் திருப்பிப் போட்டுப் பார்த்தினம். பார்த்தால் கிடக்கு. முழுப் பூசணிக்காயைச் சோத்துக்குள்ள மறைக்கேலுமோ? ஆரும் போட்டுப் பார்க்காதவரைக்கும் மறைஞ்சு கிடந்தது, அவ்வளவுதான். கொஞ்ச நேரத்தில திரையில அவளின்ர நம்பருக்குப் பக்கத்தில தகுதி நீக்கம் எண்டு விழுந்தது. மற்றவளின்ர ஓட்டத்தைத் தடுத்ததுக்காக. விழுந்த பிள்ளையைக் கடைசி ஓட்டத்துக்கு எடுத்துக்கொண்டினம்.

நான் மேல போய் மாமியிட்ட விசயத்தைச் சொன்னன். எப்பிடிச் சொன்னனான் எண்டு எனக்கு இப்ப ஞாபகம் இல்லை. மாமி பை வாரைக் கையில சுத்திச் சுத்தி அவிட்டுக்கொண்டு இருந்தவா. "அப்ப பிள்ளை ஓடமாட்டாளோ?" எண்டு ஒண்டு மட்டும் கேட்டா. நான் இல்லை எண்டன். போவமோ எண்டு கேட்டன். "இருப்பம்" எண்டா.

பின்னேரம் வெய்யில் சரியக் கடைசி ஓட்டத்துக்கு வேலியளை அடுக்கிச்சினம். எட்டு லேனிலயும் அடுக்கிச்சினம். ஐஞ்சாம் லேன் பிள்ளை இப்ப ரெண்டாம் லேன். முழங்கால் ரெண்டிலயும் வெள்ளைத்துணி சுத்தி வந்தது. கோட்டுக்கு முன்னால முதல் வேலியை ஒருக்கா ஓடிப் பார்க்க வெளிக்கிட்டுது. ஓடிப்போய், வேலிக்குக் கிட்டப் போனதும் நிண்டிட்டுது. திருப்பியும் ஒருக்கா. அதே இடத்தில நிண்டிட்டுது. பிறகு நடுவரிட்டப் போய்க் கையை ஆட்டிச்சுது. ஏலாது.

ஏழு பேர் ஓடிச்சினம். ரெண்டாம் லேன் சும்மா கிடந்தது. பத்து வேலியும் நிமிர்ந்தபடி, ஒருத்தியும் தொடாமல்.

"அது ஏன் ஆளில்லை?" எண்டு மாமி கேட்டா.  வாயைத் திறந்தால் அழுதிருப்பன், இல்லாட்டி ஆரையும் தூசணத்தால பேசியிருப்பன். ரெண்டும் அந்த இடத்துக்குச் சரியில்லை.

ஓடி முடிய நேரங்கள் திரையில விழுந்தது. மூண்டாவதா வந்து மெடல் வாங்கினவளின்ர நேரம், என்ர மச்சாள் மத்தியானம் ஓடின நேரத்தைவிடக் கூட. விளங்குதோ? மத்தியானம் ஓடின மாதிரி ஓடியிருந்தால் கழுத்தில மெடல். கைக்கெட்டினது வாய்க்கெட்டேல்லை எண்டு சொல்லுறவை. இவள் கைக்கெட்டினதைத் தானே தூக்கி மற்றவளிட்டக் குடுத்து, அவளாலயும் தின்னேலாமல் போச்சு. ரெண்டு பெட்டையளும் வெறுங்கை.

வாசலுக்கு வெளியால அவளைக் கண்ட உடனே நான் தொடங்கீட்டன். "இப்ப சந்தோசமோ? நீயும் ஓடேல்லை, அவளும் ஓடேல்லை. ஆருக்கடி என்ன லாபம்?"

அவள் அந்தப் பிள்ளையோடதான் அவ்வளவு நேரமும் இருந்தவள், முழங்காலுக்கு ஐஸ் பிடிச்சுக்கொண்டு. பாசை விளங்காமல் என்னத்தைக் கதைச்சுதுகளோ.

"அது அவளின்ர லேன், மச்சாள்" எண்டாள். "ஓடுறதோ விடுறதோ அவள் முடிவெடுக்கோணும். அவள் எடுத்தாள். அவளுக்குப் பதிலா நான் எடுக்கேலாது."

எனக்கு வாயடைச்சுப்போச்சு எண்டு சொல்லமாட்டன். நான் இன்னும் ரெண்டு பேச்சுப் பேசினனான். ஆனா பேசப் பேச எனக்கே கேட்டுது, நான் தோத்துப்போய்க் கத்துறன் எண்டு. என்ர பெட்டை என்னைவிட எவ்வளவு பெரிய ஆளா வளந்திட்டாள் எண்டு அந்த வாசலில நிண்டுதான் கண்டன். கோவத்தோடதான் கண்டன்.

அடுத்தநாள் காலமை ரயிலில மூண்டு பேரும் வந்தம். அவள் யன்னல் பக்கம். மாமி வடையை நீட்டினா, வாங்கித் திண்டாள், பகிடியும் விட்டாள். அநுராதபுரம் தாண்டி, எங்கட பக்கத்துக் காடு தொடங்க, துவாயை எடுத்து முகத்தில போட்டுக்கொண்டு அழத் தொடங்கினாள். சத்தமில்லாமல், தோள் ரெண்டும் குலுங்கக் குலுங்க.

"எனக்கு ஓடோணும் போல கிடந்தது, மச்சாள்" எண்டாள் துவாய்க்குள்ள இருந்து. "சரியான ஆசையாக் கிடந்தது."

நான் அவளின்ர கையைப் பிடிச்சன். எதிர்க்க இருந்த மாமி, "பிறகேனடி போய்ச் சொன்னனி?" எண்டா. கோவமாக் கேட்டவாவோ கவலையாக் கேட்டவாவோ, எனக்கு விளங்கேல்லை. அவள் துவாயை எடுக்கேல்லை. மாமி முகத்தை மற்றப் பக்கம் திருப்பிக்கொண்டா. கிளிநொச்சி வரும்வரைக்கும் திருப்பின முகம் திருப்பினபடிதான்.

வீட்டை வந்த பிறகும் மாமி அதைப் பற்றி ஒரு சொல் கதைக்கேல்லை. சமைச்சுப் போட்டா, தலைக்கு எண்ணெய் வைச்சா, கணுக்காலுக்கு ஒத்தடம் குடுத்தா. ஆனா அந்தக் கதை வந்தால் எழும்பிக் குசினிக்குள்ள, அடுப்படிக்குப் போயிடுவா. மகளுக்கு அது மெடல் போனதைவிடப் பெரிய நோவு. தாய் தன்னை மன்னிக்கேல்லை எண்டு நினைச்சாள். நானும் அப்பிடித்தான் நினைச்சன். அந்த மனிசி ஆயுள் முழுக்கப் பட்ட பாட்டுக்கு, பிள்ளை ஒருக்கா அந்தக் கோட்டில நிக்கிறதைப் பார்க்க ஆசைப்பட்டிருப்பாதானே. அதையும் பிள்ளை தானாப் போய்க் குடுத்திட்டு வந்தால் எந்தத் தாய்க்குப் பொறுக்கும்?

ஊருக்குச் சேதி வேற மாதிரி வந்து சேர்ந்தது. ஃபோனில ஆரோ முடிவைத் தேடிப் பார்த்திருக்கினம். அதில அவளின்ர பேருக்கு நேர தகுதி நீக்கம், மற்றவளைத் தடுத்ததுக்காக எண்டுதான் கிடக்கு. அவள் போய்ச் சொன்னவள் எண்டு அதில எங்க எழுதப்போகினம்? ஊர் வாய்க்கு அது காணும். தள்ளி விழுத்தினவளாம் எண்டு தொடங்கி, காலை வைச்சுத் தடக்கினவளாம் எண்டு வளந்து, இனி எந்தப் போட்டிக்கும் எடுக்கமாட்டினமாம் எண்டு முடிஞ்சுது. அவளிட்டச் சொல்லித் திருத்தச் சொன்னன். "பட்டது உண்மைதானே, என்னத்தைத் திருத்திறது" எண்டு போயிட்டாள்.

சிறுபோகத்துக்கு விதைக்கிற நாளுகளில ஒரு காலமை நானும் மாமியும் சங்கக்கடைக்குப் போனம். கடையில நாலைஞ்சு பேர். மாமி தேங்காயெண்ணெய் வாங்கிக்கொண்டு நிண்டவா. எங்கட தெருவில இருக்கிற ஒரு மனிசி, பேர் வேண்டாம், குரலைக் கொஞ்சம் இழுத்து, எல்லாருக்கும் கேக்கக் கூடியதா, "ஏன் தங்கச்சி, உங்கட மகளைக் கொழும்பில கள்ள ஓட்டம் ஓடினதெண்டு பிடிச்சு வெளியால விட்டிட்டினமாம், மெய்யே?" எண்டு கேட்டா.

நான் வாயைத் திறந்தன். என்ர வாயில அப்ப என்ன வந்து நிண்டதெண்டு இதில எழுதேலாது.

"பிடிக்கேல்லை" எண்டு ஒரு குரல் கேட்டுது. மாமியின்ர குரல்.

அந்த மனிசிக்கு விளங்கேல்லை. "என்ன?"

"ஆரும் பிடிக்கேல்லை" எண்டா மாமி. குரல் உயரேல்லை, வீட்டில கதைக்கிற மாதிரித்தான். "அங்க அவ்வளவு சனம் இருந்தது, ஒருத்தரும் காணேல்லை. என்ர பிள்ளை தானா எழும்பிப் போய், என்ர கைதான் பட்டது, அவள் தானா விழேல்லை எண்டு சொன்னவள். சொல்லாட்டி அவள் பின்னேரம் ஓடியிருப்பாள். மெடலும் வந்திருக்கும். எல்லாம் தெரிஞ்சுதான் போய்ச் சொன்னவள். பிடிபட்டவளையும் சொன்னவளையும் ஒண்டாச் சேர்த்துக் கதைக்காதேங்கோ அக்கா."

 எனக்கு அந்த இடத்தில அவாவைக் கட்டிப்பிடிக்கோணும் போல கிடந்தது. இவ்வளவு நாளும் குசினிக்குள்ள போய் நிண்டு அவா என்னத்தை யோசிச்சுக்கொண்டிருந்தவா எண்டு அப்பத்தான் விளங்கிச்சுது. மாமி எண்ணெய்ப் போத்தலைப் பைக்குள்ள வைச்சுக்கொண்டு, "என்னடி பார்த்துக்கொண்டு நிக்கிறாய், வா, பிள்ளை வீட்டில தனிய" எண்டு சொல்லிப்போட்டு வெளியால நடந்தா. நான் பின்னால போனன்.